மென்படலத்தில் விளையும் அடுக்குகள்

மம்சாபுரத்தில் ஆற்றப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு என்பது, இரண்டு வேறு உலோகங்களின் அயனிகள் ஹைட்ராக்சைடு அயனிகளோடு பிணைந்து மெல்லிய தகடுகளாகி, அத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடைவெளிகளில் நீர் மூலக்கூறுகளும் எதிர்மின் அயனிகளும் தங்கியிருக்கும் களிமண் போன்ற ஒரு பொருளாகும். இதன் அமைப்பை அறிய மெக்னீசியம் ஹைட்ராக்சைடிலிருந்து தொடங்குவது எளிது. அச்சேர்மத்தில் ஒவ்வொரு மெக்னீசியம் அயனியையும் ஆறு ஹைட்ராக்சைடு அயனிகள் சூழ்ந்து எண்முகி ஒன்றை ஆக்குகின்றன. எண்முகிகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து, மின்சுமை ஏதுமற்ற தகடாகப் பரவுகின்றன. இரண்டு நேர்மின் சுமை கொண்ட மெக்னீசியம் அயனிகளில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை நீங்கி, அவ்விடங்களில் மூன்று சுமை கொண்ட அலுமினிய அயனிகள் அமர்ந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சுமை மிகுதியாகித் தகடு முழுவதும் நேர்மின் தன்மை பெறுகிறது. அந்த மிகுதியைச் சமன் செய்யவே கார்பனேட், நைட்ரேட், குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகள் தகடுகளுக்கிடையே வந்து தங்குகின்றன. வயல்களில் காணும் களிமண் வகைகள் பெரும்பாலும் நேர்மின் அயனிகளைப் பிடித்து வைப்பவை; எதிர்மின் அயனிகளைப் பிடித்து, தேவைப்படும்போது வேறொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் அடுக்குப் பொருள்கள் அரிதாகையால் இவ்வகைச் சேர்மங்கள் தனி மதிப்புப் பெறுகின்றன.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் புதிதன்று. நெஞ்செரிச்சலுக்காக மருந்துக் கடையில் வாங்கும் திரவ மருந்துகள் பலவற்றின் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் மகால்ட்ரேட், மெக்னீசியமும் அலுமினியமும் தகடுகளாக அமைய, இடையில் சல்பேட் அயனிகள் தங்கிய ஓர் அடுக்கு ஹைட்ராக்சைடே. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே ராமசாமி ராஜா நகரில் உற்பத்தியாகும் சிமென்ட் உட்பட எந்தப் போர்ட்லாண்ட் சிமென்ட்டும் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, அதிலுள்ள கால்சியம் அலுமினேட் பகுதி நீரேற்றம் பெற்று, கால்சியமும் அலுமினியமும் கொண்ட இதே இனத்துச் சேர்மங்களைத் தோற்றுவிக்கிறது. கடலோரக் கட்டடங்களில் உப்புக்காற்றோடு கான்கிரீட்டுக்குள் புகும் குளோரைடின் ஒரு பகுதியை இவ்வடுக்குகள் தமக்குள் பிடித்துக்கொள்வதால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிப்பது அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கான்கிரீட் கூரை போட்ட ஒவ்வொரு வீட்டிலும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்வதில் மிகை இல்லை.

இவ்வினத்தின் மூத்த உறுப்பினரான ஹைட்ரோடால்சைட் என்னும் கனிமம் நார்வே நாட்டின் ஸ்னாரும் பகுதியில் கிடைத்தது. 1842ஆம் ஆண்டு ஹோக்ஸ்டெட்டர் அதனை விவரித்தார். அதன் சரியான வேதி வாய்பாட்டை 1915இல் இத்தாலியரான மனாசே தந்தார். சுவிஸ் நாட்டு வேதியியலாளர் ஃபைட்க்னெக்ட் 1942இல் இத்தகைய சேர்மங்களை ஆய்வகத்தில் உருவாக்கியபோது, ஓர் உலோகத்தின் ஹைட்ராக்சைடு தகடும் மற்றோர் உலோகத்தின் தகடும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதாகக் கருதினார். இரண்டு உலோகங்களும் ஒரே தகட்டில் கலந்தே இருக்கின்றன என்பது 1960களின் இறுதியில் ஆல்மன், டெய்லர் ஆகியோர் செய்த படிக ஆய்வுகளால் தெளிவாயிற்று.

ஆய்வகங்களில் இதனைச் செய்யும் வழக்கமான முறை கூட்டு வீழ்படிவாக்கம் எனப்படும். இரண்டு உலோக உப்புகளையும் நீரில் கரைத்து, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், இரண்டு உலோகங்களும் சேர்ந்தே ஹைட்ராக்சைடாக வீழ்படிகின்றன. வடிகட்டி, கழுவி, உலர்த்தினால் தூள் கிடைக்கும். மருந்துக்கும் பிளாஸ்டிக்கில் கலப்பதற்கும் தூள் போதும். ஆனால் மின்வாய்க்கும், உலோகத்தைக் காக்கும் பூச்சுக்கும், உணர்விக்கும் தூள் பயன்படவேண்டுமானால் அதனை ஒரு தளத்தின்மேல் ஒட்டவேண்டும். ஒட்டுவதற்கு வேண்டிய பிசின் மின்சாரத்தைத் தடுக்கிறது, தகடுகளின் பரப்பை மூடுகிறது, நாளடைவில் தானும் உரிந்துவிடுகிறது. தூளாக்கிப் பின் ஒட்டும் வழியை விட்டு, தளத்தின்மேல் ஏற்கெனவே இருக்கும் உலோக ஆக்சைடு மென்படலத்தையே அடுக்கு ஹைட்ராக்சைடாக மாற்றிவிடும் வழியை ஆய்வாளர்கள் நாடியதற்கு இதுவே காரணம். சுவரில் அடித்த சுண்ணாம்பு கைபட்டால் உதிர்கிறது. செம்புக் குடத்தில் ஏறிய களிம்போ புளி போட்டுத் தேய்த்தால்தான் போகிறது. சுண்ணாம்பு வெளியிலிருந்து வந்தது, களிம்பு செம்பிலிருந்தே விளைந்தது என்னும் அந்த வேறுபாடுதான் ஒட்டிய தூளுக்கும் படலத்திலிருந்து விளைந்த அடுக்குக்கும் உள்ள வேறுபாடு.

இம்முறையின் நுட்பங்கள் முழுவதையும் அலுமினியத்தில் காணலாம். காற்றில் வைத்த அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கந்தக அமிலக் கரைசலில் அலுமினியத்தை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால் அப்படலம் மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடிக்கிறது, இதுவே ஆனோடைசிங். சமையலறைகளில் உள்ள கருநிற ஹார்டு ஆனோடைஸ்டு பாத்திரங்களின் மேற்பரப்பு இவ்வாறு ஆக்கப்பட்டதே. இத்தகைய தகட்டைத் துத்தநாக நைட்ரேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கரைந்த நீரில், சிறிது அம்மோனியா சேர்த்து நடுநிலைக்கு அருகில் வைத்து, கொதிநிலைக்குக் குறைவான வெப்பத்தில் சில மணி நேரம் அமிழ்த்தினால், துத்தநாகமும் அலுமினியமும் கலந்த அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு தகட்டின் மேலேயே வளர்கிறது. துத்தநாகத்தைக் கரைசல் தருகிறது. அலுமினியத்தைப் படலம் தருகிறது.

அலுமினிய ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரையக்கூடிய ஈரியல்பு ஆக்சைடு. படலத்தின் மேற்பரப்பில் கரைந்து வெளிவரும் அலுமினியம் கரைசலுக்குள் நெடுந்தொலைவு செல்லுமுன்பே, அங்குக் காத்திருக்கும் துத்தநாகத்தோடு சேர்ந்து மீண்டும் திண்மமாகிவிட வேண்டும். கரைதலும் படிதலும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தொடர்ந்து நடக்கவேண்டும். காரத்தன்மை மிகுந்து படலம் விரைவாகக் கரைந்தால், அலுமினியம் தொட்டியெங்கும் பரவி அடியில் தூளாகப் படிகிறது, தகடு வெறுமையாக நிற்கிறது. கரைதல் மிகவும் மந்தமானால் அலுமினியம் கலவாத துத்தநாகச் சேர்மமே வளர்கிறது. வெப்பமும் பிஎச் மதிப்பும் நேரமும் ஆகிய மூன்றையும் கொண்டு இவ்விரு தவறுகளுக்கும் நடுவே நிற்கக் கற்பதே இத்தொழிலின் திறம்.

ஓர் அலுமினிய அணு ஆக்சைடு படலத்தில் இருக்கும்போது அடைத்துக்கொள்ளும் இடத்தையும், அதே அணு இரண்டு துத்தநாக அணுக்களோடு கூடிக் கார்பனேட்டும் நீரும் இடையில் தங்கிய அடுக்கில் இருக்கும்போது அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கணக்கிட்டு ஒப்பிட்டால், பின்னது ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கிறது. பத்து நானோமீட்டர் தடித்த படலம் முழுதும் மாறினால், இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் அறுபது நானோமீட்டருக்கு மேற்பட்ட பொருள் விளையும் என்பது இதன் பொருள். இவ்வளவு வீக்கத்துக்குப் பக்கவாட்டில் இடமில்லை. ஆகவே தகடுகள் தளத்தின்மேல் படுத்துக் கிடக்காமல், மேல்நோக்கி விளிம்பில் நின்று, ஒன்றோடொன்று குறுக்கிட்டு வளர்வதே பெரும்பாலும் காணப்படுகிறது. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் படிக அடுக்கின் இடைவெளியை அளக்கும் சோதனையிலும் இதனைக் காணலாம். கார்பனேட் தங்கிய அடுக்குகளின் இடைத்தூரம் சுமார் 0.76 நானோமீட்டர், வழக்கமான செம்பு எக்ஸ் கதிர்க் குழாயைக் கொண்ட கருவியில் அது 11.6 பாகைக்கு அருகில் ஒரு சிகரமாகத் தெரியும். தூளில் மிக உயரமாக எழும் அந்தச் சிகரம், விளிம்பில் நிற்கும் படலத்தில் தாழ்ந்துவிடுகிறது. தகட்டின் உள்ளமைப்பைக் காட்டும், 60 பாகைக்கு அருகிலுள்ள சிகரம் ஒப்பளவில் ஓங்குகிறது. முதற் சிகரம் சிறிதாயிருப்பதைக் கண்டு வினை நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது தவறாகும்.

அலுமினியத் தகட்டையே தளமாகக் கொண்டால் ஒரு குறை உண்டு. படலம் கரைந்து தீர்ந்தபின் அடியிலுள்ள உலோகமும் வினையில் இறங்கிவிடுவதால், அடுக்கின் தடிமனைத் திட்டமாக நிறுத்துவது கடினம். கண்ணாடி, சிலிக்கான், துணி போன்ற வேறொரு தளத்தின்மேல் அளந்து இடப்பட்ட ஆக்சைடு படலத்திலிருந்து தொடங்கினால் இக்குறை நீங்குகிறது; படலம் தீர்ந்ததும் அதிலிருந்து வரும் உலோகமும் நின்றுவிடுகிறது. ஜப்பானின் ஒசாகா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கூழ்மக் கரைசல் முறையால் கண்ணாடியின்மேல் அலுமினிய ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் கலந்த படலத்தை இட்டு, அதனை வெந்நீரில் அமிழ்த்திய அளவிலேயே ஒளி ஊடுருவும் அடுக்கு ஹைட்ராக்சைடு படலத்தைப் பெற்றனர். இரண்டு உலோகங்களும் படலத்திலேயே இருந்தமையால் வெளியிலிருந்து நீரைத் தவிர ஏறத்தாழ வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. எளிமையில் இதற்கு நிகரான முறை இத்துறையில் அரிது.

இன்னும் நுண்ணிய அளவு வேண்டுவோர் அணு அடுக்குப் படிவு என்னும் முறையை நாடுகின்றனர். பின்லாந்தின் துவோமோ சுந்தோலா 1974இல் உருவாக்கிய இம்முறையில், உலோகம் கொண்ட ஆவியும் நீராவியும் மாறி மாறிச் செலுத்தப்பட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 0.1 நானோமீட்டர் அலுமினிய ஆக்சைடு சேர்கிறது. நூறு சுற்று நடந்தால் பத்து நானோமீட்டர். தளம் எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் படலம் ஒரே தடிமனில் போர்த்துகிறது. பின்னர் நிகழும் மாற்றத்தில் எவ்வளவு அலுமினியம் கிடைக்கும், எந்த இடத்தில் கிடைக்கும் என்பதெல்லாம் வேதிவினை தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகின்றன. படலத்திலிருந்து தொடங்குவதன் தலையாய சிறப்பு இதுவே. தூள் முறையில் எத்தனை கவனம் எடுத்தாலும் இந்த முன்முடிவு கைகூடுவதில்லை.

ஆக்சைடை அடுக்காக மாற்றும் இவ்வேலையில் நினைவு விளைவு என்று வழங்கும் பண்பும் கைகொடுக்கிறது. அடுக்கு ஹைட்ராக்சைடை 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் நீரும் கார்பனேட்டும் நீங்கி, அடுக்கு குலைந்து கலப்பு ஆக்சைடாகிறது. அதனை மீண்டும் நீரில் இட்டால் நீரையும் எதிர்மின் அயனிகளையும் எடுத்துக்கொண்டு அடுக்கமைப்பை மீட்டுக்கொள்கிறது. சூட்டின் அளவு மிகுந்து நிலைத்த படிக ஆக்சைடாகிவிட்டால் மீள்வதில்லை.

நிக்கலின் கதை வேறு. அங்கே மாற்றத்தை நடத்துவது மின்சாரம். நீரை மின்னாற் பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும்போது மறுமுனையில் ஆக்சிஜன் வெளிவரும் வினையே மந்தமானது. கார நீரில் அதனை விரைவுபடுத்த மலிவான வினையூக்கி தேடிய ஆய்வுகளில், நிக்கல் ஆக்சைடு மென்படலத்தில் மிகச் சிறிதளவு இரும்பு சேர்ந்தாலும் வினை விரைவதை 1987இல் கோரிகன் அறிவித்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல், சில நானோமீட்டர் மட்டுமே தடித்த நிக்கல், இரும்பு கலப்பு ஆக்சைடு படலங்களைச் சுழற்சிப் பூச்சு முறையில் இட்டு, காரக் கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கியபோது, அவை இருந்த இடத்திலேயே அடுக்கு ஹைட்ராக்சைடாகவும் ஆக்சிஹைட்ராக்சைடாகவும் மாறுவதைக் காட்டினர். 2014இல் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தூய நிக்கல் என்று எண்ணிச் சோதிக்கப்பட்ட படலங்கள் கூட, கடையில் வாங்கிய காரத்தில் மாசாக இருந்த இரும்பை உறிஞ்சிக்கொண்டே வேகம் பெற்றன என்பதை நிறுவிற்று. நிக்கலின் புகழ் என்று அதுவரை எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதி இரும்புக்கு உரியது என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்த அந்த ஆய்வு, இத்துறையில் காரக் கரைசலின் தூய்மையைச் சோதிக்காமல் முடிவு எழுதக்கூடாது என்னும் ஒழுக்கத்தை உறுதிப்படுத்தியது.

இந்தியாவில் இவ்வேதியியல் ஆழமாக வேரூன்றிய இடம் பெங்களூர். பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் விஷ்ணு காமத்தும், இந்திய அறிவியல் நிறுவனத்தின் சுக்லா முதலியோரும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வு மின்கலத் துறையில் எடுத்துப் பேசத்தக்கது. கார மின்கலங்களின் நேர்மின்வாயான நிக்கல் ஹைட்ராக்சைடில் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு வடிவங்கள் உண்டு. ஆல்ஃபா மிகுதியான மின்னேற்றம் தாங்குமெனினும் செறிந்த காரத்தில் நிலைக்காமல் பீட்டாவாகிவிடும். நிக்கலில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலாகவோ அலுமினியத்தால் பதிலீடு செய்து அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு ஆக்கினால், ஆல்ஃபாவின் அமைப்பு செறிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலும் நீடிப்பதை அவர்கள் காட்டினர். உலோக நைட்ரேட் கரைசலில் மின்சாரம் செலுத்தி, எதிர்மின்வாயின் அருகில் நைட்ரேட் ஒடுக்கமுற்றுத் தோன்றும் ஹைட்ராக்சைடைக் கொண்டு அங்கேயே அடுக்குகளைப் படியவைக்கும் முறையையும் அந்தப் பெங்களூர்க் குழு கையாண்டது.

சுக்லா பின்னாளில் இயக்குநராக இருந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பெங்களூரைவிட ராஜபாளையம் வட்டாரத்துக்கு அருகில் உள்ளது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்நிறுவனத்தில், நிக்கல், இரும்பு அடுக்கு ஹைட்ராக்சைடுகளைக் கொண்டு நீரைப் பகுக்கும் ஆய்வுகள் இன்று நடைபெறுகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றிப் பசுமை ஹைட்ரஜன் திட்டங்கள் பேசப்படும் இக்காலத்தில் அந்த ஆய்வுகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. எனினும், ஆய்விதழ்களில் வினையூக்கியின் வேகத்துக்குக் கொடுக்கப்படும் இடம், அது தளத்தில் எத்தனை நாள் பற்றி நிற்கிறது என்னும் கேள்விக்குக் கொடுக்கப்படுவதில்லை. தொழிற்சாலைக்கு முதலில் வேண்டியது பற்றுதல். வேகம் அதன் பிறகுதான்.

அரிமானத் தடுப்பில் இதே பற்றுதல்தான் முழுப் பயனையும் தீர்மானிக்கிறது. அலுமினிய உலோகக் கலவைகளைக் காக்க நெடுங்காலம் குரோமேட் பூச்சே கையாளப்பட்டது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது என்று தெரிந்தபின் மாற்று தேடவேண்டியதாயிற்று. ஆனோடைசிங் படலத்திலிருந்து வளர்த்த அடுக்குகளின் இடையே வனடேட் போன்ற அரிமானத் தடுப்பு அயனிகளை நிரப்பி வைத்தால், உப்பு நீர் பட்டதும் அடுக்கு குளோரைடை உள்ளே வாங்கிக்கொண்டு வனடேட்டை வெளியே விடுகிறது. ஆபத்து நேரும் இடத்திலேயே மருந்தும் வெளிப்படுகிறது. காரைக்குடி நிறுவனம் மண்டபத்தில் அரிமானச் சோதனை நிலையம் ஒன்றை நடத்திவருகிறது. பாம்பன் பாலத்தை ஓயாமல் அரித்த அந்தக் கடற்காற்றைத் தாங்கி நிற்கும் படலமே வேறெங்கும் நிற்கும் என நம்பலாம்.

செய்முறையில் எல்லோரையும் அலைக்கழிப்பது கார்பனேட். அடுக்குகள் விரும்பி ஏற்கும் எதிர்மின் அயனிகளில் அதுவே முதன்மையானது; நைட்ரேட் மிகத் தளர்வாகவே தங்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பனேட்டாகி உள்ளே புகுந்துவிட்டால், பின்னர் மருந்தையோ வனடேட்டையோ அங்கே நுழைப்பது மிகக் கடினம். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பைகார்பனேட் ஏற்கெனவே இருப்பதால் அந்நீர் இவ்வேலைக்கு ஆகாது. வாலைவடித்த நீரைக் கொதிக்கவைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் ஆறவிட்டு, மூடிய கலத்தில் வினையை நடத்துவது வழக்கம். படலத்தில் உள்ள பொருளின் அளவு மிகச் சிறிதாகையால், சிறிது கார்பனேட் புகுந்தாலும் முழுப் படலமும் கெட்டுவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் அடுக்குகளின் பண்பைக் கொண்டு குடிநீரிலுள்ள ஃபுளோரைடை நீக்க, ஹைட்ரோடால்சைட்டையும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானையும் கலந்த பொருளை உருவாக்கி 2010இல் வெளியிட்டனர். நுண்தூளை மட்டும் நீரில் இட்டால் ஃபுளோரைடைப் பிடித்தபின் தூளை வடித்தெடுப்பது பெரும்பாடாகும். அதனைத் தாங்கும் உடல் ஒன்று வேண்டும். அவ்வுடல் பருத்தி நூலாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பருத்தி இழைகளின்மேல் அணு அடுக்குப் படிவு முறையில் ஆக்சைடு படலம் இடப்பட்டிருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஆய்வில், துத்தநாக ஆக்சைடு செம்பு நைட்ரேட் கரைசலில் அறை வெப்பநிலையிலேயே இரட்டை ஹைட்ராக்சி உப்பாக மாறி, அங்கிருந்து நுண்துளைகள் நிறைந்த உலோகக் கரிமச் சட்டகப் பொருளாகச் சில நிமிடங்களுக்குள் மாறுவது காட்டப்பட்டது. இரட்டை ஹைட்ராக்சி உப்பு அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடின் நெருங்கிய உறவினம். மூன்று சுமை கொண்ட அயனி அதற்குத் தேவையில்லை.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவப் பேண்டேஜ் துணி நெசவு ஊரின் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தளர்வாக நெய்த அந்தக் காஸ் துணியின் இழைகளுக்கு நடுவே கரைசல் தடையின்றிப் பாயும். சாயப்பட்டறைகளில் பழகிய வெந்நீர்த் தொட்டியின் வெப்பமே வினைக்குப் போதுமானது. துத்தநாகச் சேர்மங்கள் புண்ணுக்கு இடும் களிம்புகளில் நெடுநாளாக இருப்பவை. இழையின்மேல் மெல்லிய துத்தநாக, அலுமினிய ஆக்சைடு படலத்தை இட்டு, வெந்நீரில் அடுக்காக்கி, இடைவெளிகளில் கிருமிநாசினி அயனிகளை நிரப்பினால், புண்ணின் நீரிலுள்ள குளோரைடும் கார்பனேட்டும் பட்டு அம்மருந்து சிறுகச் சிறுக வெளிவரும். முதலிற் சோதிக்கவேண்டியவை, எத்தனை மடிப்புக்கும் துவைப்புக்கும் படலம் விரிசலின்றித் தாங்குகிறது என்பதும், நீராவியில் கிருமி நீக்கும்போது நிரப்பிய அயனி அடுக்கை விட்டு வெளியேறுகிறதா என்பதும், உதிரும் துகள் புண்ணில் தங்குகிறதா என்பதும் ஆகும். அவற்றுள் முதல் சோதனைக்கு ஒரு தறி, ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு நுண்ணோக்கி ஆகிய மூன்றும் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.